இன்னும் ஒரு வயர் போகும்

ஏனுங்க, காலைச் சித்த அக்கட்ட நகத்திக்கிறீங்களா? குத்துவெளக்குங்க, சாக்குல சுத்தியிருக்கேன். மேல வெக்கலாம்னா கண்டக்டர் விட மாட்டேங்கறாரு. உருண்டு யாரு தலையில விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நானுங்கறாரு. அதுவும் நாயந்தானே. செரி, மடியில வெச்சுக்கறேன். தாராபுரம் வரைக்குந்தானுங்க.

தாராபுரத்துக்குப் பக்கத்துல அக்கா ஊட்டுக்குப் போறேனுங்க. நாளைக்கு வெடியால பால் காய்ச்சறாங்க. புது ஊடு, கீழயும் மேலயுமா நெம்ப எடுப்பாக் கட்டியிருக்காங்க. வயரிங் பூராவும் நாந்தான். ஆமாங்க, எலக்ட்ரீசியன். ஆறுச்சாமின்னு பேரு. திருப்பூர்ல எங்க பக்கம் வந்து கேட்டீங்கன்னா பெட்டிக்கடைக்காரனே ஊட்டைக் காட்டுவான்.

நீங்களும் கட்டறீங்களா? எது வரைக்கும் வந்திருக்குது? இன்னும் தளம் போடலைங்களா. அப்ப நல்ல சமயத்துலதான் என்ற பக்கத்துல வந்து உக்காந்திருக்கீங்க. ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. தளத்துக்குக் கம்பி கட்டி, கலவை கொட்டறதுக்கு முன்னால நாங்க பைப் போடுவோம். வயர் போறதுக்கு. கலவை விழுந்துதுன்னா அந்தப் பைப்பு உள்ள போயிரும், அப்பறம் எந்தக் கொம்பனாலயும் மாத்த முடியாது. அன்னைக்கு என்ன போட்டமோ அதுதான் அந்த ஊட்டோட தலையெழுத்து. அதனால அன்னைக்கு யாரு பேச்சையும் கேக்காதீங்க. யாரு பேச்சையும்.

இதப் பாருங்க. இதுதான் பைப்பு, ஒரு இஞ்சு. ஆமாங்க, துண்டுதான், விரல் நீளத்துக்கு வெட்டினது. சட்டப்பையிலயே வெச்சிருக்கேன். இந்த ரப்பர் பேண்டு போட்டிருக்கறது வயர்த் துண்டு. புடிங்க. இதுக்குள்ள எத்தன வயர் போகும்னு நெனைக்கறீங்க? சும்மாக் கண்ணாலப் பாத்துச் சொல்லுங்க. பதினஞ்சா? எல்லாரும் அதத்தானுங்க சொல்றாங்க.

ஏழுங்க. ஏசி ஓட்டற தடிமன்ல வயரா இருந்தா ஏழோட நிறுத்தியரோணும். என்ற இஷ்டத்துக்குச் சொல்லலைங்க, கணக்கு இருக்குது. பைப்போட வாய் இருக்குதல்லங்க, அதுல நூத்துக்கு நாப்பது பங்குதான் வயர் இருக்கலாம். மிச்ச அறுபதும் காத்து. வயர்ல கரண்ட் ஓடினாச் சூடு வரும். அந்தச் சூடு வெளிய போறதுக்கு எடம் வேணுமல்லங்க? நெரிச்சு வெச்சா ஒண்ணோட சூடு இன்னொண்ணுல ஏறும், மேல இருக்கற தோலு எளகும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல, நீங்களும் பேப்பர் படிக்கிறவருதான். காலி எடம்னு நீங்க பாக்கறது காலி இல்லீங்க. அதுவும் வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்குது.

நான் இதுல கறாருங்க. போன வருசம் ஒரு பனியன் கம்பெனி ஓனரு, பெரிய ஆளு, இன்னும் ரெண்டு மிசினுக்கு இதே பைப்புல இழுத்துருப்பான்னாரு. ஆகாதுங்கன்னேன். நான் சொல்றேன் இழுங்கறாரு. டூல்ஸ் பையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். சாப்பாட்டு நேரம். பிரியாணி வரச் சொல்லியிருந்தாரு, அதுகூட வேண்டாம்னுட்டேன். அப்படி ஆளுங்க நான்.

எங்கக்கா விசயம் வேற.

எனக்கு ஒரே அக்காங்க. வசந்தாமணின்னு பேரு. அம்மா சீக்கிரமே போயிருச்சு, அக்காதான் எனக்குச் சோறு போட்டு, தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது. அதுக்கு ஒரு பொண்ணு, தாரணி. அந்தப் புள்ள பெரிய மனுசியானப்ப தெரட்டிச் சீருக்கு மாமன் சீர் நாந்தான் கொண்டு போகோணும். நம்ம பக்கத்துல அது எவ்வளவு பெரிய காரியம்னு உங்களுக்குத் தெரியும். என்ற கெரகம், அந்த வருசம் ஏணில இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். வேலையும் இல்ல, கைலயும் ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு தட்டு, பூவு, பழம், ஒரு பாவாடைத் துணி. கம்பு ஊனிக்கிட்டுப் போயி நின்னேன். நின்னா, மச்சான் அந்தத் தட்டைக் கைய நீட்டி வாங்கலைங்க. மச்சான்னா அக்கா ஊட்டுக்காரரு, நாச்சிமுத்துன்னு பேரு. அப்படி வைய்யின்னு கண்ணால தரையக் காட்டினாரு. சபையே பாத்துக்கிட்டு இருக்குது. நான் குனிஞ்சு வெச்சேன். குனியறதுக்கே காலு வலிச்சுதுங்க.

அதுக்கப்பறம் வருசக்கணக்கா அந்த ஊட்டுப் பக்கம் நான் போகல. அக்காவும் போன் பண்ணல. தீபாவளி வரும், பொங்க வரும், போனையே பாத்துக்கிட்டு இருப்பேன். வராது.

போன ஐப்பசில ஒரு நாள் வண்டில போயிட்டிருக்கறேன், போன் வருது. எடுத்தா அக்கா. "தம்பி, ஊடு கட்டறோம் சாமி. வயரிங் நீயே வந்து பண்ணிக் குடு. மாமன் சீரா இருக்கட்டும்னு மச்சானே சொல்லிட்டாரு"ங்குது. ரோட்டோரமா வண்டிய நிறுத்திப் போட்டு அழுதுட்டனுங்க. லாரிக்காரன் ஒருத்தன் என்னமோ ஏதோன்னு எறங்கி வந்துட்டான். ஒண்ணுமில்லப்பா, வேலை கெடச்சிருக்குதுன்னேன். அவன் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டான்.

செரி, தளம் போடற அன்னைக்கு வாறேன். மேல் மாடிக்குன்னு மூணு பைப்பு போட்டிருந்தனுங்க. வடகெழக்கு மூலை வழியா நேரா ஏத்தி, ஒரு வளைவு இல்லாம, நூல் புடிச்ச மாதிரி. என்ற சர்வீஸ்லயே அப்படி ஒரு வேலை பண்ணுனதில்ல. கலவை கொண்டாற ரெடிமிக்ஸ் லாரி வந்து வாசல்ல நின்னு டிரம்ம உருட்டிக்கிட்டு இருக்குது. அப்பப் பாத்து வாஸ்துக்காரர் கார்ல வந்து எறங்கறாரு. எறங்குனவரு மேல ஏறி, சுத்திப் பாத்து, இந்த மூணு பைப்பு என்னதுன்னாரு. கரண்டுக்குங்கன்னேன். ஈசானி மூலையில நெருப்பை ஏத்தறியே, இது தண்ணி மூலையாச்சேங்கறாரு. வயரு நெருப்பு இல்லீங்களேன்னு சொன்னேன். "அப்ப கரண்டு நெருப்பா, தண்ணியா, நீயே சொல்லு"ன்னாரு. தண்ணின்னு சொல்ல முடியுங்களா?

மச்சான் என்ற மூஞ்சியப் பாத்தாரு. "மாப்ள, எடுத்துரு"ன்னாரு.

மாப்ளன்னு கூப்புட்டாருங்க. அத்தன வருசத்துக்குப் பொறகு. எடுத்துட்டேன்.

லாரிக்காரன் ஆரன் அடிக்கறான், கலவை எறுகுது, சீக்கிரம்ங்கறான். மேக்கால, படிக்கட்டைச் சுத்தி ஒரே ஒரு பைப்புதான் போட முடிஞ்சுது. அதுலயும் மூணு வளைவு. மிச்சத்தப் பொறகு பாத்துக்கலாம் மாப்ளன்னாரு. கான்கிரீட்டுக்குப் பொறகு என்னத்தங்க பாக்கறது? ஆனா அந்த எடத்துல அதச் சொல்ல முடியல. வாஸ்துக்காரருக்கு எளநி வெட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. அக்கா கையால.

நல்லாக் கேட்டீங்க. வெளிச் செவுத்து மேல இன்னொரு பைப்பு ஓட்டலாமேன்னு நானும் சொன்னேன். செவுத்துல பைப்பு ஓடுனா வாடகைக்கு விடற லைன் ஊடு மாதிரி இருக்கும்னு மச்சான் ஒத்துக்கல. அப்பறம் இன்னொரு ரோசனை சொன்னேன். அதுதான் செரியான வழி, உங்க ஊட்டுலயும் அப்படியே பண்ணிக்குங்க. தடியா ரெண்டே வயர மேல கொண்டு போயி, மாடில ஒரு சின்ன போர்டு வெச்சுட்டா, அங்கிருந்து எல்லாத்துக்கும் பிரிச்சுக்கலாம். ஒரே பைப்பு போதும். அதுக்கு வாஸ்துக்காரர் போன்லயே சொல்லிட்டாரு. போர்டுன்னா அக்கினி, ஒரு ஊட்டுக்கு ஒரு அக்கினிதான், மேல ரெண்டாவது வெச்சா ரெண்டு அடுப்பு எரியற மாதிரி, ஊடு ரெண்டாப் பிரிஞ்சு போகும்னு. மச்சானுக்கு அது ஒண்ணு போதும். அவரும் அவரு பங்காளிகளும் தோட்டத்தப் பிரிச்சுக்கிட்டு, இப்பத்தான் பேச்சு வார்த்தைக்கே வந்திருக்காங்க. ஊடு பிரியும்னா அவரு விடுவாருங்களா? ஆக, மேல எது ஓடோணும்னாலும் கீழ இருந்து தனித்தனியா வயர் போகோணும். அந்த ஒரே பைப்புல.

மொதல்ல செரியாத்தான் இருந்துது. வெளக்குக்கும் பேனுக்கும் ரெண்டு. மாடி ரூம்பு ஏசிக்கு ரெண்டு, எர்த்து ஒண்ணு. ஆக அஞ்சு. தாரணி ரூம்புக்கும் ஒரு ஏசி வேணும்னாங்க. செரி, ஏழு. மச்சான், இதோட பைப்பு நெறஞ்சுதுன்னு நான் சொல்லிட்டேன். தெளிவாச் சொன்னேன். சொல்லலைன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதல்லங்க?

அப்பத்தான் இந்தத் துண்டு வந்துது. தரையில கெடந்த வெட்டுத் துண்டை மச்சான் எடுத்தாரு. தடிசும் மெல்லிசுமா வயர்த் துண்டுகளப் பொறுக்குனாரு. ஒண்ணொண்ணா உள்ள சொருகறாரு. எட்டு போகுது, ஒம்பது போகுது, பத்து போகுது. "பாரு மாப்ள, பதினாறு போகுது. நீ ஏழுக்கே அழுவறே"ன்னாரு. விரல் நீளத் துண்டுல பதினாறென்னங்க, பதினெட்டுகூடப் போகும். கையாலச் சொருகறோம், நேரா இருக்குது, வளைவு இல்ல, கரண்டு இல்ல. நாப்பதடி நீளத்துல, மூணு வளைவுல, செவுத்துக்குள்ள போறதும் இதும் ஒண்ணாங்க? நான் சொன்னேன். அக்கா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்துது. "போகுதுல்ல தம்பி, மச்சான் சொல்றாருல்ல"ங்குது.

அதுல இருந்து அது ஒரு வெளையாட்டாவே ஆயிப்போச்சு. யாரு ஊட்டப் பாக்க வந்தாலும் இந்தத் துண்டைக் குடுத்து எத்தன போகுது பாருங்கம்பாரு. வந்தவங்களும் உக்காந்து சொருகுவாங்க. ஆசாரி சொருகுனாரு, பெயிண்டர் சொருகுனான், டைல்ஸ் ஒட்ட வந்தவன் பதினேழு போட்டான். இப்ப நீங்ககூடப் பேச்சுவாக்குல சொருகிக்கிட்டேதான் இருக்கீங்க. பரவால்லீங்க, சொருகுங்க. அதுல அப்படி ஒரு ஆசை வரும்.

மாடி பாத்ரூம்ல சுடுதண்ணிக்கு ஹீட்டர். ஒம்பது. துணி துவைக்கிற மிசின் மாடியில இருக்கட்டும்னு அக்கா சொல்லிச்சு, துணி காயப் போடறதுக்குப் பக்கமா இருக்குமாம். பதினொண்ணு. அப்பறம் இன்வெர்ட்டர் லைனு. பதிமூணு. ஒவ்வொரு தடவையும் நான் சொன்னனுங்க. மச்சான், இது கடைசி, இதுக்கு மேல ஆகாதுன்னு. கடைசி தடவை கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். அவரும் கடைசிதான் மாப்ளன்னாரு. அப்பறம் என்னங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட விசயந்தானே.

இழுக்கறதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கறத பூரா உருவி, புதுசையும் சேத்துக் கட்டி, மறுபடி இழுக்கோணும். வழுக்கிக்கிட்டுப் போறதுக்குப் பவுடர் போடோணும். தாரணியோட மூஞ்சிப் பவுடர்தான், ஒரு டப்பா ஒரு தடவைக்குக் காணாது. இன்னைக்கும் மாடியில சுச்சு போர்டத் தொறந்தா மல்லிப்பூ பவுடர் வாசம் கும்முன்னு வரும். நான் கீழ இருந்து தள்ளோணும், மேல ஒருத்தர் இழுக்கோணும். மச்சானே இழுக்கறேன்னு வந்துட்டாருங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, செவுத்துல காலை ஊனிக்கிட்டு இழுப்பாரு. மேல இருந்து சத்தம் போடுவாரு. "மாப்ள, வருது. வருது மாப்ள. இன்னும் கொஞ்சம் விடு. ஆங், தலை தெரியுது மாப்ள"ம்பாரு. அது கேக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருக்கும். பொய் சொல்லக்கூடாது. வேலை முடிஞ்சு ரெண்டு பேரும் படியில உக்காந்து டீ குடிப்போம். ஒரே தட்டுல இருந்து முறுக்கு எடுப்போம். அக்கா பாத்துக்கிட்டே நிக்கும். அப்ப அக்கா மூஞ்சியப் பாக்கோணும் நீங்க.

ஒரு தடவை உருவறப்ப ஏசி வயரு ரெண்டாவது வளைவுல தோலு சீவிக்கிட்டு வந்துது. உள்ள செம்பு பளபளன்னு தெரியுது. வேற வயர் போடோணும், அதுதான் முறை. வயர் கடைக்குப் போறதுன்னா தாராபுரந்தான் போகோணும், பொழுது எறங்கிப் போச்சு, மச்சான் மேல காத்துக்கிட்டு நிக்கறாரு. டேப் சுத்தி உள்ள விட்டுட்டேன். நல்ல டேப்புங்க, கம்பெனி டேப்பு. வேற எவனாச்சும் இருந்தா டேப்புகூடச் சுத்தியிருக்க மாட்டான்.

எல்லா வேலையும் முடிஞ்சு போன வாரம் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பாத்தோம். ரெண்டு ஏசி, ஹீட்டர், மிசினு, அத்தனையும். ஒரு மணி நேரம் ஓடுனப்பறம் தாரணி ரூம்புக்குப் போயி, பைப்பு போற செவுத்து மேல கைய வெச்சேன். காய்ச்சக்காரப் புள்ள நெத்தி மாதிரி இருக்குதுங்க. மச்சானக் கூப்புட்டுக் கைய வெச்சுப் பாருங்கன்னேன். வெச்சாரு. "மேக்கால செவுரு மாப்ள, மத்தியானத்துல இருந்து வெயில் அடிக்குது, சூடா இல்லாம என்ன பண்ணும்"ங்கறாரு. வெயில் அடிச்சதும் நெசந்தானுங்க.

வெடியால நேரத்துல, வெயில் வாறதுக்கு முன்னால கைய வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சு போகும்னு, மக்கா நாள் அதுக்குன்னே பாத்து மொத பஸ்ல போனேன். போனா பக்கத்துல பழைய ஊட்டுல அக்கா கல்லப் போட்டுத் தோசை ஊத்துது. தேங்காச் சட்னி, கொத்துமல்லிச் சட்னி, ரெண்டும். "தம்பி, நீ வரப்போகத்தான் எனக்குப் புது ஊடு ஊடாவே தெரியுது"ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டுக் கண்ணத் தொடச்சுக்குது. நான் தோசையத் தின்னுட்டு, புது ஊட்டுப் பூசை ரூம்புல ஒரு பல்பு மாட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன். செவுத்துல கை வெக்கறதுக்கு மறந்தே போச்சுங்க. மனுசனுக்கு மறதி வாறதுதானே.

தாரணி படுக்கறதுக்குக் கட்டில முன்னயே கொண்டாந்து போட்டாச்சு, அது அந்தச் செவுத்து ஓரமாத்தான் கெடக்குது. தலைமாட்டுலயே பைப்பு. கட்டிலச் சித்த தள்ளிப் போட்டுக்க கண்ணுன்னேன். "ஏன் மாமா?"ங்குது. பெயிண்ட் ஒட்டும் கண்ணுன்னு சொல்லிட்டேன். பெயிண்ட் காஞ்சப்பறம் தள்ளிக்கறேன் மாமான்னுச்சு. காயறதுக்கு என்னங்க இருக்குது, அது காஞ்சு பத்து நாளாச்சு. பழையபடி செவுத்தோட ஒட்டித்தான் கெடக்குது.

அப்பறம் அந்த எம்சிபி. அதிகமாக் கரண்டு போனாத் தானாக் கட்டாகற சுச்சு இருக்குதல்லங்க, அது அடிக்கடி விழுந்துக்கிட்டே இருந்துது. வயரு சூடாகுது, என்னால முடியலன்னு அது சொல்லுது. அது விழறதே நம்ம நல்லதுக்குத்தான். மச்சான் தொந்தரவா இருக்குது, பெருசாப் போட்டு விட்ருன்னாரு. அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கலைங்க. தலையே போனாலும் ஆகாது மச்சான்னு மொகத்துக்கு நேராச் சொல்லிட்டேன். அக்கா நின்னுக்கிட்டு இருக்கறப்பவே சொன்னேன். சொன்னனல்லங்க, நான் கறாருன்னு.

நாலஞ்சு நாளைக்கு முன்னால போயி போர்டத் தொறந்தா, பெருசு மாட்டியிருக்குது. புதுசு, பளிச்சுனு. நான் போடல. எவனையோ கூப்புட்டுப் போட்டிருக்காங்க. மச்சான் ஹால்ல உக்காந்து பத்திரிகைக் கவர்ல பேர் எழுதிக்கிட்டு இருந்தாரு. என்னைய நிமுந்து பாத்தாரு. நானும் அவரப் பாத்தேன். மொத பத்திரிகையே என்ற பேருக்குத்தான் எழுதியிருந்தாரு. தாய்மாமன் ஆறுச்சாமி குடும்பத்தார்னு, கொட்டை எழுத்துல. நான் மூடிய மூடி, ஸ்குரூவ முறுக்கிட்டு வந்துட்டேன். யாரு போட்டதுன்னு கேக்கல. கேட்டு என்ன ஆகப் போகுது? நாளைக்கு என்னமாச்சும் ஆச்சுன்னா, வயரிங் பண்ணுனது யாருன்னுதான் கேப்பாங்க. நாந்தான்.

எங்கூட்ல, கோகிலான்னு பேரு, அவ நாளைக்கு வரல. தலைவலியாம். தலைவலி எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்களா? மாடியிலதான் படுக்கச் சொல்லுவாங்க, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு அங்க தங்க மாட்டேங்கறா. "நீங்களே பைப்பு நெறஞ்சு போச்சுன்னு தூக்கத்துல பொலம்பறீங்க, அங்க எம்புள்ளைகளப் படுக்க வெப்பனா?"ங்கறா. எனக்குக் கோவம் வந்துருச்சு. நான் பண்ணுன வேலைமேல என்ற பொண்டாட்டிக்கே நம்பிக்கை இல்லீன்னா வெளிய எவன் நம்புவான்? அந்த எடத்துல சண்டை வந்துருச்சு. முடியாதுன்னு ஒரு வார்த்தை உங்கக்காகிட்டச் சொல்ல ஒங்களுக்கு வாயில்லியான்னா. அவளுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லீங்க, தனிப் புள்ள. அவளுக்கு என்ன தெரியும்? முடியாதுன்னு சொல்றது ஒரு நிமிச வேலை. அப்பறம் மறுபடியும் பொங்கலுக்குப் போனப் பாத்துக்கிட்டு ஆரு உக்காந்திருக்கறது?

அதனாலதான் இந்தத் துண்ட எடுத்துக்கிட்டுப் போறேன். நாளைக்குப் பந்தி முடிஞ்சு பெரியவங்க எல்லாரும் உக்காந்திருப்பாங்கல்லங்க, அப்ப எடுத்து வெச்சு, ஏழு வயர உள்ள போட்டுக் காட்டி, ஐயா இதுதான் கணக்கு, இதுக்கு மேல இருக்கறத எல்லாம் நான் நாளைக்கே உருவப் போறேன்னு சபையிலயே சொல்லிரலாம்னு இருக்கேன். மனசுல எல்லாம் ஒத்திகை பாத்து வெச்சிருக்கேன். சபையில வெச்சுச் சொன்னா மச்சானால ஒண்ணும் பண்ண முடியாதல்லங்க? நீங்க என்ன நெனைக்கறீங்க?

ஒரு நிமிசங்க, போனு. அக்காதான்.

சொல்லுக்கா. வந்துக்கிட்டே இருக்கறேன், குண்டடம் தாண்டிட்டேன். வெளக்கு வாங்கிட்டேன், பெருசுதான். ம். கோகிலாவுக்குத் தலைவலிக்கா. ஆமா. ஆரு? மச்சானோட பங்காளிங்களா? அவியளே கொண்டாந்து எறக்கிட்டாங்களா? நெம்ப சந்தோசம்க்கா. ஏசியா? எங்க மாட்டறதுக்கு? மாடி ஹாலுக்கா? ஆள வரச் சொல்லி மாட்டியாச்சா. இல்லக்கா, அது வந்து, அதுக்கும் வயரு. இல்லக்கா, அப்படிச் சொல்லல. பால் காய்ச்சறப்ப ஓடோணும், தெரியுதுக்கா. ஓடலீன்னா அவிய மனசு நோகும், செய்முறைய ஒதுக்கிட்டாங்கம்பாங்க. தெரியுதுக்கா. முடியாதுன்னு நான் எங்க சொன்னேன்? மச்சான் பக்கத்துல இருக்காரா? என்ன சொல்றாரு? "எம்மாப்ள இருக்கறப்ப என்ன கவலை"ன்னாரா. அவிய முன்னாலயா சொன்னாரு?

செரிக்கா. தாரணியப் பவுடர் மட்டும் வாங்கி வெக்கச் சொல்லு. ரெண்டு டப்பா. வந்தர்றேன்.

பங்காளிங்க எல்லாம் சேந்து ஏசி செய்முறையாக் கொண்டாந்திருக்காங்களாமுங்க. இத்தன வருசப் பகை, அவியளே எறங்கி வந்திருக்காங்க. நாளைக்கு அது ஓடலீன்னா மறுபடியும் ரெண்டு குடும்பம் ஆயிப்போகும். நீங்களே சொல்லுங்க, இதுல நான் என்ன பண்ண முடியும்?

ஏனுங்க, இந்த வெளக்கச் சித்த புடிங்க. கீழ வெச்சராதீங்க, சாமி வெளக்கு. அந்தத் துண்டு உங்க கையிலதான இருக்குது? உள்ள எத்தன போட்டிருக்கீங்க? எண்ணிச் சொல்லுங்க. பதிமூணா. அதேதான், அங்க இருக்கறதும் பதிமூணுதான். அப்படியே அசையாமப் புடிங்க, பஸ்ஸு ஆடுது. இந்தாங்க, இது ஒண்ணு. போயிருச்சு. இன்னும் ஒண்ணு. இருங்க, சித்த திருப்புங்க, அந்த ஓரமா.

போகுதுங்க. பாருங்க, போகுது. இன்னும் எடங்கூட இருக்குதுங்க.